கத்தரிக்கோல் கொடுத்தால் உறவு அறுமா?

பிறந்த நாள் நெருங்குகிறது. மனைவியோ, அத்தையோ, அலுவலகத் தோழியோ, கிடைக்கும் நேரத்தையெல்லாம் தையல் மெஷின் முன்னால் கழிப்பவர். பரிசு வாங்கப் புறப்படுகிறவர் அதிகம் யோசிப்பதில்லை. தைப்பவருக்குத் தையல் சாமான், முடிந்தது கதை. கடையில் கண்ணாடி மூடி போட்ட பெட்டி ஒன்று பளபளக்கிறது. உள்ளே நாற்பது நிறத்தில் நூல்கண்டு, விரல் நீளக் கத்தரிக்கோல், ஒரு டஜன் ஊசி, சுருட்டி வைத்த டேப், ரோஜா நிறத்தில் குட்டி ஊசிமெத்தை. விலையும் கையைக் கடிக்கவில்லை. பரிசைப் பிரித்தவர் "ரொம்ப அழகா இருக்கே" என்கிறார், சிரித்த முகத்துடன். அதன் பிறகு பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே அதே மாதிரி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன.

அந்தப் பெட்டியின் மீது குற்றப்பத்திரிகை வாசிக்கச் சொன்னால் தையல்காரர்கள் நேரம் போவது தெரியாமல் வாசிப்பார்கள். கண்டு ஒவ்வொன்றிலும் இருப்பது சில மீட்டர் நூல். ஒரு கமீஸ் தைத்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும், அதே நிறம் மறுபடி எங்கும் கிடைக்காது. குட்டை இழையில் நூற்ற மலிவு நூல், மெஷினின் தகடுகளுக்கு நடுவே இறுக்கத்துடன் ஓடும்போது பஞ்சு பஞ்சாகப் பிரியும். பிறகு ஊசிக் காதில் அறும். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, நூலைக் கோத்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கத்தரிக்கோலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. உண்மையில் அது தைக்கத் தெரியாதவர்களுக்கான பெட்டி. சட்டைப் பொத்தான் அறுந்து விழும்போது மட்டும் ஊசியைத் தேடும் வீட்டுக்கு அதைக் கொடுத்தால் கொண்டாடுவார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன்பு தையல் என்பது சிக்கனத்தின் மறுபெயர். தையல் கூலியை மிச்சப்படுத்தவே வீட்டில் மெஷின் ஓடியது. இன்று நிலைமை தலைகீழ். துணி எடுத்து, லைனிங் வாங்கி, வீட்டில் தைக்கும் குர்த்தியை விட நடைபாதையில் தொங்கும் ரெடிமேட் குர்த்தி மலிவு. இவ்வளவு இருந்தும் ஒருவர் உட்கார்ந்து தைக்கிறார் என்றால் காசுக்காக இல்லை, ஆசைக்காக. 2020இல் நாடு முடங்கிக் கிடந்தபோது பரணிலிருந்து இறங்கிய மெஷின்களில் முதலில் தைக்கப்பட்டவை முகக்கவசங்கள். கவசம் போன பிறகும் சில மெஷின்கள் மறுபடி பரணுக்கு ஏறவில்லை. இப்படித் தைப்பவர்களுக்குத் தரத்தைப் பற்றிக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. பரிசு வாங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அவர்கள் மனதுக்குள் ஆசைப்படும் முதல் பொருள் நல்ல கத்தரிக்கோல். ஆனால் அதைக் கொடுக்க இந்தியாவில் பலருக்குக் கை வராது. கூரான பொருளைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறும் என்ற பயம். விளக்கு வைத்த பிறகு ஊசி விற்க மறுக்கும் கடைக்காரர்களும், பக்கத்து வீட்டுக்கு ஊசி இரவல் தராத மாமிகளும் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே பயம் உண்டு; அங்கே அதற்குப் பரிகாரமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பரிசு பெறுபவர் பதிலுக்கு ஒரு காசு கொடுத்துவிடுவார். பரிசு வியாபாரமாகிவிட்டது, உறவும் பிழைத்தது. மாமியாருக்குக் கத்தரிக்கோல் வாங்க நினைக்கும் மருமகள்கள் இந்த ஒரு ரூபாய் யோசனையைப் பரிசீலிக்கலாம்.

கத்தரிக்கோலுக்கு இந்தியாவில் பேர் போன ஊர் மீரட். தில்லியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டிய தொழில் என்று ஊரார் பெருமைப்படுகிறார்கள். காயலான் கடைக்கு வந்த பழைய கார், பஸ், ரயில் பெட்டிகளின் எஃகு இங்கே கத்தரி அலகாகிறது. பழைய பாத்திரங்களின் உலோகம் உருகிக் கைப்பிடியாகிறது. ஒருவர் அடிக்க, ஒருவர் வளைக்க, இன்னொருவர் சாணை பிடிக்க, வேறொருவர் இரண்டு அலகையும் இணைத்துத் துணி வெட்டிப் பார்க்க, பல கைகள் மாறித்தான் ஒரு கத்தரி கடைக்கு வருகிறது. 2013இல் மீரட் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்ற பொருளில் அதைப் பற்றி இந்தியில் ஒரு சொலவடையே இருக்கிறது. அதில் விளம்பரம் பாதி என்றாலும் விஷயம் மீதி இருக்கிறது. கனமான அலகு, கழற்றி மாட்டக்கூடிய திருகு. மழுங்கினால் சாணை பிடித்துக்கொண்டே போகலாம். மெல்லிய தகட்டில் பிளாஸ்டிக் பிடி ஒட்டிய மலிவு ரகங்கள் ஒருமுறை மழுங்கினால் அத்தோடு சரி.

வாங்கும்போது யாருடைய கைக்கு என்று யோசிக்க வேண்டும். டெய்லர் கடையில் பார்க்கும் பத்து, பன்னிரண்டு அங்குலக் கத்தரி பழக்கமில்லாத கைக்கு அரை மணியில் வலி கொடுத்துவிடும். வீட்டில் தைப்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது அங்குலம் சரியாக இருக்கும். அவர் இடது கைக்காரரா என்பதையும் கவனிப்பது முக்கியம். பத்துப் பேரில் ஒருவர் அப்படி. வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று நெருக்குவதற்குப் பதில் விலகும். துணி வெட்டுப்படாமல் மடங்கும், வெட்டும் கோடும் கண்ணுக்கு மறைந்துவிடும். அலகுகளை மாற்றி அமைத்த இடதுகைக் கத்தரி தனியாகவே கிடைக்கிறது, தேடத்தான் வேண்டும். வாழ்நாள் முழுக்க வலதுகைக் கத்தரியோடு மல்லுக்கட்டியே தைத்த ஒருவருக்கு அது போய்ச் சேர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கத்தரியுடன் கூடவே ஒரு வாக்குறுதியும் தேவை: வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்று. துணிக் கத்தரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடச் சார்ட்டுக்கும், கணவர் பால் பாக்கெட்டுக்கும் அதையே எடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக எழுந்த சண்டைகள் மாமியார்-மருமகள் தகராறுகளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

செலவழிக்க மனமில்லை என்றால் ஊசி. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் நல்ல மெஷின் ஊசிப் பாக்கெட்டுகள் நாலைந்தை வாங்கிக் கொடுப்பவரைத் தைப்பவர்கள் மரியாதையோடு பார்ப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் ஊசி முறிந்தால்தான் மாற்றுவது என்று வைத்திருக்கிறார்கள். முறிவதற்கு வெகு நாள் முன்பே முனை தேய்ந்து, துணியின் இழையை இழுக்கத் தொடங்கிவிடும். வாயில், ஷிபான் ரகங்களுக்கு 9 அல்லது 11ஆம் நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16, 18. பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி தனி. கூர்முனை ஊசி அதில் ஓட்டை போட்டுவிடும். வீட்டு மெஷின் ஊசியின் அடித்தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழிற்சாலை மெஷினுடையது முழு உருண்டை. ஒன்றுக்குப் பதில் மற்றது பொருந்தாது. மெஷினிலிருக்கும் பழைய ஊசி ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டால் தீர்ந்தது. பாபினுக்கும் இதே விதி.

இனி பெரிய பரிசு. மெஷின்.

இயந்திரங்கள் மீது மோகம் கூடாது என்று சொல்லி வந்த காந்தியே தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தவர். 1924இல் தில்லியில் அவரிடம் எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, சிங்கர் மெஷினைத்தான் உதாரணமாக எடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்டு, அவள் மேலிருந்த அன்பால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது காந்தியின் விளக்கம். ஐசக் மெரிட் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இந்த இடத்தில் லேசாகச் சிரிப்பார்கள். 1851இல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற அந்த அமெரிக்கர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தகப்பன். மெஷினில் கை வைத்தது பணத்துக்காக. அவருடைய நடுப்பெயர் இந்தியாவில் 'மெரிட்' என்ற மெஷினாகவும் உலா வந்தது. 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 'உஷா'வைக் கொண்டுவந்த பிறகு, கறுப்பு உடம்பில் தங்கப் பூ வரைந்த மெஷின் நடுத்தர வர்க்க வீடுகளின் அடையாளமாயிற்று. லூதியானாவின் சிறு தொழிற்கூடங்கள் அதை இன்னும் மலிவாக்கின.

அந்தக் காலத்திலிருந்தே மெஷின் வெறும் பொருளாக இருந்ததில்லை. கல்யாணச் சீரில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் பக்கத்தில் அதுவும் நின்றது. பெண் நாளைக்குக் கஷ்டப்பட்டால் இதை வைத்துப் பிழைத்துக்கொள்வாள் என்பது பெற்றோரின் கணக்கு. அரசாங்கங்களும் அதே கணக்கைத்தான் போட்டன. விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவச மெஷின் கொடுக்காத மாநிலம் அபூர்வம். 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி. எல்லாப் பெண்களுக்கும் மத்திய அரசு மெஷின் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தியைப் பொய் என்று பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புரளி அவ்வளவு தூரம் ஓடியதே மெஷினுக்கு இருக்கும் மவுசுக்குச் சாட்சி. தேர்தல் கமிஷன் சுயேச்சைகளுக்குக் கொடுக்கும் சின்னங்களிலும் அது உண்டு.

இதனால்தான் ஆசைக்குத் தைப்பவருக்கு மெஷினைப் பரிசளிப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கொடுப்பவர் சொல்லாவிட்டாலும் பரிசோடு சேர்ந்து ஒரு வேலையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புது மெஷின் வந்த வாரத்திலேயே ஜன்னல் திரைகள் அளவெடுக்கப்படுகின்றன. நாத்தனார் நான்கு சேலையோடு வருகிறார், ஃபால்ஸ் தைக்க. அடுத்த வீட்டுப் பெண்ணின் பாவாடைக்கு நாடா, மைத்துனரின் பேண்ட்டுக்கு அடிமடிப்பு. "உனக்குத்தான் பிடிக்குமே" என்ற ஒரு வரியில் எல்லாம் நியாயமாகிவிடுகிறது. கூலி கேட்டால் உறவு கெடும், மறுத்தால் கர்வம் பிடித்தவள் என்ற பேர். மாலையில் ஒரு மணி நேரம் பூவேலை செய்து மனதை ஆற்றிக்கொண்டிருந்தவர், குடும்பத்தின் சம்பளமில்லாத டெய்லராகிவிடுகிறார். ஆறு மாதத்தில் மெஷின் மேல் துணி போர்த்தப்படுகிறது. "ஆசையாக வாங்கிக் கொடுத்தேன், தொடுவதே இல்லை" என்று கணவர் ஊரெல்லாம் சொல்கிறார்.

ஆண்களைப் பொறுத்தவரை கதை வேறு. இந்த நாட்டில் காசுக்குத் தைப்பவர்களில் ஆண்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் பொழுதுபோக்காகத் தைக்கும் ஆணைப் பார்த்தால் வீடே விழிக்கும். அவருக்கும் பரிசு வாங்க வேண்டியிருக்கலாம். பட்டியல் அதேதான். ஒரு வித்தியாசம், அவரிடம் யாரும் ஃபால்ஸ் கொண்டு வர மாட்டார்கள்.

மெஷின்தான் என்று முடிவு செய்தாலும் ரகசியமாக வாங்கி ஆச்சரியம் கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது உத்தமம். மிதி மெஷினின் தாளத்துக்குப் பழகிய கால், மோட்டாரின் வேகத்தில் தடுமாறும். முப்பது நாற்பது அலங்காரத் தையல் போடும் மெஷின் விளம்பரத்தில் அழகு. நேர்த் தையலும் ஜிக்ஜாக்கும் காஜாவும் போக மற்றவை பெரும்பாலும் முதல் வாரத்தோடு மறக்கப்படுகின்றன. தைப்பவரே கடைக்கு வந்து, தன் துணியை வைத்துத் தைத்துப் பார்த்து, சத்தத்தைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டிய சாமான் அது. அமெரிக்காவில் இருக்கும் மகன்கள் அங்கிருந்து தூக்கி வரும் மெஷின்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. இடையில் மின்மாற்றி வைக்காமல் பிளக்கைச் செருகினால் பரிசு ஒரு நொடியில் புகையாகும். உதிரி பாகத்துக்கு அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே மெஷின் இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று உண்டு. மெக்கானிக்கை வரவழைப்பது. உள்ளே அடைந்த பஞ்சைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தொய்ந்த பெல்ட்டை மாற்றி, தையல் சீராக விழும்படி திருகிக் கொடுத்தால் இருபது வருஷத்து உஷா குட்டிக்குதிரை மாதிரி ஓடும். கூடவே கத்தரிக்கோல்களுக்குச் சாணை. செலவு சில நூறு ரூபாய். அடுத்து விளக்கு. மின்விசிறிக்கு அடியில், டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டியபடி மெஷினைப் போட்டிருக்கும் வீடுகள்தான் அதிகம். தைக்கும் இடத்தில் விழுவது தைப்பவரின் நிழல். கழுத்து வளையும் மேஜை விளக்கு ஒன்று போதும். நாற்பதைத் தாண்டியவருக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும் வெல்வெட் பெட்டியில் வைத்துத் தரும் பரிசாகத் தெரியாது, ஆனால் ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடும் அவமானம் தீரும். நல்ல நீராவி இஸ்திரிப் பெட்டியும் சேர்த்தி. ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் தேய்ப்பவரின் உடைக்கும் தேய்க்காதவரின் உடைக்கும் உள்ள வித்தியாசம் தெருமுனையிலிருந்தே தெரியும்.

துணி கொடுப்பது காலம் காலமாக நடப்பது. தென்னிந்திய வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துண்டு வருஷக்கணக்கில் வீடு வீடாகச் சுற்றி, சமயத்தில் கொடுத்தவரிடமே திரும்பும். காரணம் சுலபம். எண்பது சென்டிமீட்டர், அதுவும் யாருக்கும் பிடிக்காத நிறம். அளவு வேண்டுமென்றே குறைத்து நெய்தாலும் ஆசைப்பட்டு வாங்கும் துண்டு ஒன்று உண்டு: வடகர்நாடகத்தின் குலேத்குட்டாவில் கரையோடு நெய்யும் கண ரவிக்கைத் துணி. மற்றபடி துணி கொடுப்பவர் தாராளமாகக் கொடுக்க வேண்டும். பன்னா 44 அங்குலம் என்றால் கமீஸுக்கு இரண்டரை மீட்டர்; மூன்றாகக் கொடுத்தால் தைப்பவர் நிம்மதியாகக் கத்தரி வைப்பார். 36 அங்குலம் என்றால் இன்னும் கூட வேண்டும். பாக்ரு, மசூலிப்பட்டினம் அச்சுத் துணிகளில் சாயம் போகலாம், கைத்தறிப் பருத்தி சுருங்கலாம். தைப்பதற்கு முன் நனைக்க அதிலும் கொஞ்சம் கழியும்.

துணியைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சல் இல்லாதவர்கள் ஒரு பகலைக் கொடுக்கலாம். மும்பையின் மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ, தில்லி சாந்தினி சவுக்கின் கினாரி பஜாரிலோ, பெங்களூர் சிக்பேட்டையிலோ அவரைக் கொண்டுபோய் விட்டு, பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான், கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. ஒரு மீட்டர் ஜரிகைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

காசே செலவில்லாத பரிசும் உண்டு. வங்காளத்தில் காந்தா என்பது பிறந்ததே பழைய துணியிலிருந்து. உடுத்தி நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த குழந்தையைச் சுற்றப் போர்வையாக்கினார்கள். பிகாரின் சுஜனியும் அதே குடும்பம். பஞ்சாபின் புல்காரி இதற்கு நேர் எதிர். பெண்ணின் கல்யாணத்துக்காகவே வீட்டுப் பெண்கள் கதர் துணியில் முறுக்காத பட்டு இழையால், துணியின் பின்பக்கத்திலிருந்தே இழை எண்ணித் தைத்தது. கண்ணேறு படாமலிருக்க வேண்டுமென்றே ஓரிடத்தில் நிறத்தை மாற்றி விட்டார்கள். விற்பதற்காகத் தொடங்காத வேலைகள் இவை. தைப்பவர்களின் கை ஓடுவது இப்படிப்பட்ட துணியில்தான்.

இறந்துபோன பாட்டியின் சேலைகள் பல பீரோக்களில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கின்றன. உடுத்த முடியாது, எறிய மனம் வராது. அதில் இரண்டை எடுத்துத் தைக்கத் தெரிந்த பேத்திக்கோ மருமகளுக்கோ கொடுத்தால், அது மெத்தை விரிப்பாகவோ, குழந்தையின் பாவாடையாகவோ, நான்கு வீட்டுக்குப் பங்கு போட்ட தலையணை உறையாகவோ திரும்பி வரலாம்; வராமலும் போகலாம், கேட்கக் கூடாது. பருத்திச் சேலை என்றால் அநேகமாக எல்லாமே உதவும். ஜரிகைப் பட்டு வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்திருந்தால் மடிப்போரம் விட்டுப் போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டு உடலையும் முந்தானையையும் எடுத்துக்கொள்வது தைப்பவருக்குக் கைவந்த கலை. கொடுப்பதற்கு முன் ஃபால்ஸைப் பிரித்து, நாப்தலின் வாடை போக ஒரு நாள் நிழலில் காயப் போட்டுவிடுவது நல்லது.